கலங்காத மருத்துவரால் யாருக்குப் பயன்?

மருத்துவர் கலங்கக் கூடாது என்பதை நவீன மருத்துவத்துக்கு வேதவாக்காகவே ஆக்கிவிட்டுப் போனவர் வில்லியம் ஆஸ்லர். 1889 மே மாதம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பட்டம் பெற்றவர்களிடம் விடைபெற்றுப் பேசியபோது, மருத்துவருக்கு முதலில் வேண்டியது எதற்கும் அசையாத தன்மை என்றார். மனச்சமநிலை என்பதே உரையின் தலைப்பு. ரோமானியப் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் சாகும் தறுவாயில் காவல் அதிகாரிக்குக் கொடுத்த அடையாளச் சொல் அது. மாணவர்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய நூல்கள் என்று ஆஸ்லர் போட்ட பட்டியலில் மார்க்கஸ் அரேலியஸும் எபிக்டெட்டஸும் உண்டு.

இந்த ஸ்டோயிக் தத்துவவாதிகள் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், இல்லாததற்காக அழாதே. பிள்ளையை முத்தமிடும்போதே, இது சாகக்கூடிய உயிர் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னவர் எபிக்டெட்டஸ். புற்றுநோய் வார்டிலும் ஐசியூவிலும் நாள்தோறும் சாவைப் பார்ப்பவருக்கு இது ஆறுதலாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ரத்தம் பீய்ச்சி அடிக்கும் நேரத்தில் கை நடுங்குகிற சர்ஜன் யாருக்கு வேண்டும்? அந்த வேளைக்கு இந்தத் தத்துவம் போதும். நான் கேட்பது அதற்குப் பிறகு வரும் வேளையைப் பற்றி. நோயாளி இறந்துவிட்டார். ‘இது என் கையில் இல்லை’ என்று மருத்துவர் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே அந்தக் கோட்டைப் போட்டது யார்?

‘டாக்டர் என்ன பண்ணுவார், ஆயுசு அவ்வளவுதான்’ என்று கிராமத்துக் கிழவி சொன்னால் மூடநம்பிக்கை என்கிறோம். அதையே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கிரேக்கர் சொல்லியிருந்தால் பளபளப்பான அட்டை போட்டு விற்கிறோம். ஸ்டோயிக்குகளின் அமைதிக்கு அடியில் கிடந்ததும் விதிதான். உலகை ஒரு பேரறிவு நடத்துகிறது, நடப்பதெல்லாம் அதன் ஏற்பாடு என்று அவர்கள் நம்பினார்கள். நம்பியவர்கள் பணிந்தார்கள், அதில் ஒரு நேர்மை உண்டு. இன்றைய மன அழுத்தப் பயிற்சி வகுப்புகள் அந்தப் பேரறிவைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பணிவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே அந்தக் கோட்டைப் போடுவது யார் என்று பார்க்க வியன்னா பொது மருத்துவமனைக்குப் போவோம். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, இரண்டாவதில் மருத்துவச்சிகளுக்கு. 1846ஆம் ஆண்டு முதல் பிரிவில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்களுக்கு மேல் செத்தார்கள். இரண்டாவதில் மூன்று பேர்கூட இல்லை. எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பது வந்து சேரும் நாளைப் பொறுத்தது. முதல் பிரிவில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று பெண்கள் கெஞ்சினார்கள். பெரிய பேராசிரியர்களிடம் விளக்கம் தயாராக இருந்தது: காற்றிலும் வானிலும் மண்ணிலும் ஏதோ கோளாறு. அதாவது, நம் கையில் இல்லை.

அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வெய்ஸுக்கு இந்த ஆறுதல் ஒட்டவில்லை. ஒரே காற்றுதானே இரண்டு பிரிவுக்கும்? அந்தச் சாவுகள் அவரை வதைத்தன. அந்த வதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா பிரேதப் பரிசோதனையின்போது கத்தி கீறி, சீழ் பிடித்து இறந்தார். நண்பரின் உடற்கூறு அறிக்கையைப் படித்தபோது, அந்தத் தாய்மார்களின் உடலில் கண்ட அதே நாசத்தைக் கண்டார். மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. மே மாத நடுவில் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டானது.

கையில் இல்லை என்றார்கள். கையில்தான் இருந்தது, பிணவறையிலிருந்து வந்த கையில்.

எபிக்டெட்டஸை நன்றாகப் படித்து உள்வாங்கிய ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால், ஏப்ரல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கக்கூடும். கோட்டை நகர்த்தியது ஆய்வு. அந்த ஆய்வைத் தொடங்கி வைத்தது தூக்கம் வராத ஒரு மனிதரின் கலக்கம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஜெர்மனியில் கீல் நகரத்துப் பிரசவ மருத்துவர் மிக்கேலிஸ் இந்தக் கண்டுபிடிப்பை ஒப்புக்கொண்ட முதல் சிலரில் ஒருவர். ஒப்புக்கொண்டதும் தான் பார்த்த பிரசவத்துக்குப் பின் இறந்த சொந்தக்காரப் பெண்ணின் நினைவு அவரை விடவில்லை. 1848இல் ரயிலின் முன் விழுந்து இறந்தார். செம்மல்வெய்ஸோ நம்பாத மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிக் கடிதங்கள் வெளியிட்டு, 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் முடிந்தார். மார்க்கஸ் அரேலியஸ் இவர்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள். மிக்கேலிஸுக்கு உரிய ஆறுதல் உண்மை தெரிந்த பிறகு வருவது. பேராசிரியர்கள் எடுத்துக்கொண்டது உண்மையைத் தேடுவதற்கு முன்பே கிடைத்த ஆறுதல். முன்னது மருந்து, பின்னது சாவுக்கு உடந்தை.

பழங்காலத்தவர் ஒருவரைத்தான் தலைமாட்டில் வைக்க வேண்டுமென்றால் நான் மருத்துவர் கேலனை வைப்பேன். பெர்கமத்தில் கிளாடியேட்டர்களின் காயங்களைத் தைத்தவர், பிறகு அரசர்களின் மருத்துவர். 192இல் ரோமில் பிடித்த தீயில் அவருடைய நூல்களும் மருந்துச் சேமிப்பும் கருகின. இவ்வளவு இழந்தும் எப்படி வருந்தாமல் இருக்கிறாய் என்று கேட்ட நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் 2005இல்தான் தெசலோனிகியில் ஒரு மடத்தில் அகப்பட்டது. சொத்துப் போனதைத் தாங்கினேன் என்கிறார். ஆனால் எதுவும் என்னை வருத்தாது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், என்னை உடைக்கக்கூடிய துன்பம் வராமலிருக்கவே வேண்டுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறார். தத்துவவாதிகள் வீரம் பேசிய இடத்தில் மருத்துவர் உண்மை பேசினார். ஆஸ்லரும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார். 1917இல் பெல்ஜியப் போர்முனையில் மகன் ரெவெரே இறந்தபோது, அசையாமை போதித்த அந்தப் பெரியவர் இரவுகளில் அழுதார். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இங்கே இன்று இந்தக் கலங்காமைத் தத்துவத்தை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1992இல் மத்திய அரசு வகுத்த பயிற்சி மருத்துவர் திட்டம், சாதாரணமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. 36 மணி நேர டூட்டி முடித்து வெளியே வரும் ஒரு முதுநிலை மாணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தூக்கக் கலக்கத்தில் அவர் ஒரு மருந்தின் அளவைத் தப்பாக எழுதினால் குற்றம் அவர் தலையில் விழும். மறுவாரம் அவருடைய துறையிலேயே மன உறுதி பற்றி ஒரு சொற்பொழிவு வைப்பார்கள். கையில் இல்லாததை விட்டுவிடுங்கள் என்று பேச்சாளர் சொல்வார். டூட்டிப் பட்டியலைப் போட்டவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார்.