ஒரு மடிக்கணினி, இரண்டு உறக்கங்கள்

மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் திரை இருண்டு, விசிறி ஓய்ந்து, எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்தச் சில நொடிகளில் உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு, அது ஒழுங்காக நடந்தேறுவதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. லினக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் முதலில் உறையவைக்கப்படுகின்றன. அடுத்து வைஃபை, ஒலி, யுஎஸ்பி, கிராஃபிக்ஸ் என ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தின் நிலையைக் குறித்துக்கொண்டு அதை நிறுத்துகிறது. பிராசஸரின் கோர்களில் ஒன்றைத் தவிர மற்றவை விலகிக்கொள்கின்றன. கடைசியில் பொறுப்பு கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் போகிறது. மின்சாரம் பெரும்பாலும் ரேமுக்கு மட்டும், அதுவும் மிகச் சிறிய அளவில், போய்க்கொண்டிருக்கிறது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். உறங்கும் கணினியில் ரேம் சிப்புகள் இந்த ஒரு வேலையை விடாமல் செய்கின்றன. இரவில் பாதியில் விட்ட கடிதத்தின் கடைசிச் சொல் காலையில் அதே இடத்தில் இருப்பது இதனால்தான்.

இத்தனை பேரில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் தூக்கம் கெட்டது. ஏதோ ஒரு நிரல் 20 நொடிக்குள் உறையவில்லை என்றால் இயங்குதளத்தின் மையமான கர்னல் முயற்சியைக் கைவிட்டு எல்லாரையும் எழுப்பிவிடும். மேசை அசைந்து மவுஸ் ஒரு நூல் நகர்ந்தாலும் சில கணினிகள் விழித்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், தூக்கத்தில் அதன் சொந்த நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடும். அதிலிருந்ததை முன்கூட்டியே எடுத்துவைக்க டிரைவர் தவறினால், எழுந்ததும் கறுப்புத் திரைதான். விசைப்பலகையில் விளக்கு எரியும், உள்ளே எல்லாம் ஓடும், கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. தூக்கத்தின் படிநிலைகளை வகுத்தது அதுதான். ரேமில் நினைவை வைத்துக்கொண்டு தூங்குவது எஸ்3. நினைவு முழுவதையும் வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தையே துறப்பது எஸ்4, நாம் ஹைபர்நேட் என்பது. எஸ்5 என்றால் ஷட் டவுன். காகிதத்தில் தெளிவான ஏற்பாடு. நடைமுறையில், பல மடிக்கணினிகளின் பயாஸை விண்டோஸோடு மட்டுமே ஓட்டிப் பார்த்து விற்பனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘நீ விண்டோஸின் இன்ன பதிப்பா?’ என்று பயாஸ் கேட்கும்போது, லினக்ஸ் கர்னல் ‘ஆம்’ என்று பதில் சொல்லும்படியே எழுதப்பட்டிருக்கிறது. ‘இல்லை’ என்றால், யாரும் சோதித்துப் பார்க்காத பாதைக்குள் பயாஸ் போய்விடும். வேறொருவர் பெயரைச் சொல்லித்தான் அந்த வீட்டில் தூங்க இடம் கிடைக்கிறது. கர்னலை எழுதியவர்கள் இதை ஆவணத்திலேயே ஒளிக்காமல் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

பிறகு தூக்கத்தின் இலக்கணமே மாறியது. 2012-ல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஏற்பாடு, விண்டோஸ் 10-ல் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ ஆனது. கைபேசியைப்போல, தூங்கும்போதும் அரைக்கண் திறந்து அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கிற தூக்கம். பல புதிய மடிக்கணினிகளில் பழைய எஸ்3 இல்லாமலே போயிற்று. ஏதாவது ஒரு சாதனம் முழுதாக அடங்காவிட்டால், பைக்குள் வைத்த கணினி சூடேறி, காலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். 2018-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் ஆறாம் தலைமுறையில் எஸ்3 இல்லை. லினக்ஸ் பயனர்கள் தொடர்ந்து முறையிட்டதால், அதே ஆண்டில் வந்த பயாஸ் அப்டேட்டில் தூக்க முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி சேர்ந்தது: ஒன்றின் பெயர் ‘விண்டோஸ் 10’, மற்றதன் பெயர் ‘லினக்ஸ்’. ஒரே உடலுக்கு இரண்டு வகைத் தூக்கம் என்று மெனுவிலேயே எழுதிவிட்டார்கள்.

இரண்டு இயங்குதளங்கள் ஒரே கணினியில் இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. கணினியை இயக்கியதும் ‘எதில் நுழைய வேண்டும்?’ என்று கேட்கும் திரையைப் பல வீடுகள் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். இன்றும் எத்தனையோ பேர் கணக்கு வழக்குக்கு விண்டோஸ், படிப்புக்கும் நிரல் எழுதவும் உபுண்டு லினக்ஸ் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டி டிரைவ் இருக்கும். படங்கள், பாடக்குறிப்புகள், ஆய்வேடு எல்லாம் அங்கேதான்.

சிக்கலின் வேரும் அங்கேதான். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்துவிட்டு உபுண்டுவில் நுழைகிறீர்கள். டி டிரைவ் திறக்க மறுக்கிறது. அல்லது படிக்க விடுகிறது, எழுத விடுவதில்லை. காரணம், விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. அது இருந்தால் ஷட் டவுன் உண்மையில் முழு ஷட் டவுன் ஆகாது. உங்கள் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் கர்னல் தன் நினைவை வட்டில் எழுதிவைத்துவிட்டு எஸ்4 தூக்கத்துக்குப் போகும். அந்த நினைவில் டி டிரைவின் கோப்பு அட்டவணையைப் பற்றி அது கடைசியாக அறிந்ததும் இருக்கிறது. இந்த இடைவெளியில் லினக்ஸ் அதே டிரைவில் ஒரு கோப்பைச் சேர்த்தால், விண்டோஸுக்கு அது தெரியாது. எழுந்ததும், தன் பழைய நினைவே உண்மை என்று நம்பி வட்டில் எழுதும். கோப்புகள் காணாமல் போகும், அட்டவணை சிதையும். லினக்ஸ் எழுத மறுப்பது இதைத் தடுக்கத்தான். எரிச்சலில் பலர் அந்த மறுப்பை வலுக்கட்டாயமாகத் தாண்டப் பார்க்கிறார்கள். தூங்குகிறவரின் நினைவுக் கோப்பையே அழித்துவிட்டு உள்ளே போகும் வழியும் உண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் சில நொடிகளை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு இது. எஸ்எஸ்டி வந்தபின் அந்த மிச்சம் சொற்பமே. இன்னும் அதைக் கேட்காமலே இயக்கிவைத்திருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

வட்டில் ஒரே ஸ்வாப் பகுதியை (ரேமின் நினைவை இறக்கிவைக்கும் இடம்) பகிரும் இரண்டு லினக்ஸ்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒன்று ஹைபர்நேட்டில் எழுதிவைத்த நினைவை மற்றொன்று அழித்துவிடலாம். செக்யூர் பூட் (சரிபார்த்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் பல லினக்ஸ் பதிப்புகள் ஹைபர்நேட்டையே அனுமதிப்பதில்லை. தூங்கிய நேரத்தில் அந்த நினைவுக்குள் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதிசெய்ய வழியில்லாதபோது, அதை நம்பி எழுவது சரியல்ல என்பது அவற்றை உருவாக்குபவர்களின் வாதம்.

இந்தச் சிக்கல்களைத் துருவிப் பார்ப்பவர்கள் செய்யும் ஒரு காரியம் என்னை நெகிழவைக்கிறது. லினக்ஸ் எழும்போது நடுவழியில் நின்றுவிட்டால், எந்த இடத்தில் நின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரை இல்லை, வட்டு இல்லை, எழுதிவைக்க எதுவும் விழித்திருக்கவில்லை. 2006-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு ஒரு வழி எழுதினார். கணினியில் தன் பேட்டரியோடு எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது கடிகாரச் சிப் ஒன்றுதான். ஒவ்வொரு அடியாக எழும்போது, வந்து சேர்ந்த இடத்தின் அடையாளத்தை கர்னல் அந்தக் கடிகாரத்தில் நேரமாக எழுதிக்கொண்டே வரும். நின்றுபோனதும் மின்சாரத்தை நிறுத்தி, உடனே மீண்டும் இயக்கினால், கடிகாரம் காட்டும் அபத்தமான தேதியிலிருந்து எந்த டிரைவர் மடக்கியது என்பதைத் துப்பறியலாம். நேரம் கெட்டுப்போகும், பிறகு திருத்திக்கொள்ள வேண்டும். (இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் கடிகாரம் வேறு விதத்திலும் கெடும்: லினக்ஸ் அதில் உலகப் பொதுநேரத்தை எழுதும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கும். நம் ஊரில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிப்போகும்.) எல்லாம் அணைந்த இருட்டிலும் மிஞ்சுகிற ஒரே இடத்தில் செய்தியை விட்டுப்போக வேண்டும் என்ற யோசனைக்கு, நின்றுபோகப் போவது தான்தான் என்று ஒத்துக்கொள்ளும் பணிவு வேண்டும்.

நினைவை வைத்துக்கொண்டு தூங்க, தான் விட்டுப்போன இடத்தில் இடையில் யாரும் புழங்கக் கூடாது. தனியாக இருப்பவருக்கு அது தடையில்லாமல் கிடைக்கும். இடத்தைப் பகிர்ந்துகொள்பவர் தலைக்குள் வைத்திருப்பதை எல்லாருக்கும் பொதுவான இடத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போனால்தான் மற்றவரால் வாழ முடியும். குடும்பங்களில் இதைப் பார்க்கிறேன். பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது, எல்ஐசி பாலிசி எத்தனை, வங்கி லாக்கர் எந்தக் கிளையில், கைமாற்றாக யாருக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அவர் தூங்கப் போகிறார். அவர் மருத்துவமனையில் கண்மூடிக் கிடக்கும் வாரத்தில், வீட்டில் எல்லாமே படிக்க மட்டும் முடிகிற நிலையில் நிற்கிறது. பீரோ திறக்கிறது, பத்திரங்கள் கண்ணில் படுகின்றன, எதிலும் கைவைக்க யாருக்கும் துணிவில்லை. அன்பில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. திரும்பி வருவோம், வரும்போது எல்லாம் வைத்தபடியே இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. எல்லாத் தூக்கமும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அதற்கான செலவை, விழித்திருப்பவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது முதலில் டிரைவரைப் பற்றியோ கர்னல் அளவுருக்களைப் பற்றியோ இருக்காது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்த மனமில்லை என்றால், லினக்ஸுக்கு மாறும்போது ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். பெயருக்கு நேர்மாறாக, விண்டோஸ் தன் நினைவை முழுதாகத் துறப்பது ரீஸ்டார்ட்டில்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலும் அதே பலன் கிடைக்கும். சில நொடிகள் கூடுதலாகும். அதற்குள் டி டிரைவின் அட்டவணை கடைசி வரி வரை வட்டில் இறங்கிவிடும், உபுண்டு அதை எந்தக் கேள்வியும் இல்லாமல் எழுதுவதற்குத் திறந்துகொள்ளும்.