கட்டுதலும் இறுக்குதலும்

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. அவற்றுள் கட்டுதலே முதலில் நிற்கிறது. நாய் வளர்க்கும் நம்மில் பலர் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை, நானும் எண்ணியதில்லை.

நாமக்கல் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நாய் சேலத்தில் என் இல்லத்தில் வளர்கிறது. காலையில் வெளியே அழைத்துச் சென்றால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடும். கடைக்காரர் ஒருவர் சுருக்குச் சங்கிலியை எடுத்துக் கொடுத்து, "நாம் அடிக்கப் போவதில்லை ஐயா. இழுத்தால்தான் இறுகும், இழுக்காவிட்டால் ஒன்றுமில்லை" என்றார். கேட்க இதமாயிருந்தது, வாங்கி மாட்டினேன். சில நாட்களில் நாய் இருமத் தொடங்கியது.

கடைக்காரரின் வாதத்தை அதன் பின்னரே ஆராய்ந்தேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பதை நாம் இளமையிலேயே கற்றிருக்கிறோம். சுருக்கை மாட்டியவன் நான். அதனை இறுக்கிக்கொள்வது நாயின் அறியாமை. வழியில் குழி வெட்டி வைத்துவிட்டு, விழுந்தவன் பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று கூறலாகுமா?

கழுத்தில் மூச்சுக்குழலும் இரத்தக்குழாய்களும் தைராய்டு சுரப்பியும் உள்ளன. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கழுத்துப்பட்டையோடு இழுத்தபோது நாய்களின் கண்ணழுத்தம் உயர்ந்தது. மார்புப்பட்டையோடு இழுத்தபோது அவ்வாறு உயரவில்லை. பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கு மூச்சுக்குழல் எளிதில் தளர்வதால் கழுத்தில் இழுப்பே ஆகாது. மின்னதிர்ச்சி தரும் பட்டைகளை வேல்ஸ் நாடு 2010-இல் தடை செய்தது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டமும் மிகக் குறுகிய, மிகக் கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றமென்கிறது.

அவ்வாறாயின் அவிழ்த்து விடுவதே அறமோ? லாரிகள் ஓயாது ஓடும் நாமக்கல் சாலையில் அதன் விளைவு என்னவென்று நாம் அறிவோம். அதுவும் கவனமின்மையே. உரையாசிரியர்கள் இதனை முன்னரே சிந்தித்துள்ளனர். காரணத்தோடு, உயிர் அசைய இடந்தந்து, தீப்பற்றினால் உடனே அவிழுமாறு கட்டுவது ஒன்று. இரக்கமின்றி இறுகக் கட்டுவது மற்றொன்று. பிந்தியதே அதிசாரம்.

இப்பொழுது என் நாய்க்கு மார்புப்பட்டை. முதுகில் வளையம் உள்ளதை வாங்கிப் பயனில்லை. நுகத்திற்குத் தோள் கொடுத்த எருதுபோல் இன்னும் வலுவாக இழுக்கும். நெஞ்சின் முன்புறம் வளையம் இருந்தால், இழுக்கும் நாயின் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும். முன்னங்காலின் அக்குளில் உராயலாகாது. நம்மூர் வெயிலில் வீடு திரும்பியதும் கழற்றிவிடுதல் நலம்.

பட்டை மட்டும் நாயை மாற்றிவிடவில்லை. அது இழுக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். கயிறு தளர்ந்தபின் நடக்கிறேன். முன்பு பத்து நிமிடத்தில் கடந்த தெருவுக்கு இப்பொழுது அரை மணி ஆகிறது. கடையில் சங்கிலி வாங்கிய அன்று நான் மிச்சப்படுத்த நினைத்தது இந்த இருபது நிமிடத்தைத்தான்.