யாருக்கும் உதவாத பூ

எருக்கஞ்செடியை உங்களுக்குத் தெரியும். ரயில்வே லைன் ஓரம், இடிந்த மதில், பாதியில் நின்றுபோன ஃப்ளாட் என்று மனிதன் எதைக் கைவிட்டாலும் அங்கே வந்து நிற்கும். விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் அதற்கு ராஜமரியாதை. மறுநாள் மறுபடி அநாதை. இலையைக் கிள்ளினால் பால், காய் வெடித்தால் பஞ்சு.

இந்த எருக்குக்கு அமெரிக்காவில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. பெயர் மீட்ஸ் மில்க்வீட். 19-ம் நூற்றாண்டில் இல்லினாய் மாநிலத்தின் அகஸ்டா என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த சாமுவேல் மீட் என்ற டாக்டர், நோயாளிகளைக் கவனித்த நேரம் போக செடி சேகரித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைத்தான் வைத்தார்கள். எருக்கின் குடும்பம்தான், அதே பால், அதே பஞ்சு. குணம் மட்டும் நேர் எதிர். எருக்கு எங்கே வேண்டுமானாலும் வரும். இது, ஏர் படாத பிரெய்ரி புல்வெளியை விட்டால் வேறெங்கும் அதிகம் வராது.

பார்க்க அப்படியொன்றும் பிரமாதமில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. உச்சியில் தலைகுனிந்த மாதிரி ஒரே ஒரு கொத்து. பச்சையும் வெள்ளையும் கலந்த நிறத்தில் பத்துப் பன்னிரண்டு பூக்கள். ஜூன் மாதத்தில் அந்தப் புல்லுக்கு நடுவே நீங்கள் நடந்து போனால், மிதித்துவிட்டுப் போவீர்களே தவிர பார்க்கமாட்டீர்கள்.

இல்லினாய்க்கு இன்றைக்கும் ‘பிரெய்ரி மாநிலம்’ என்றுதான் செல்லப்பெயர். ஒரு காலத்தில் அங்கே சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி. புல்வேர் பின்னிய அந்தக் கறுப்பு மண் கலப்பையில் அப்பிக்கொள்ளும்; உழவே முடியாது. 1837-ல் ஜான் டியர் என்ற கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்தார். அவ்வளவுதான் கதை. 1978-ல் கணக்கெடுத்தபோது, கெடாமல் மிச்சமிருந்த புல்வெளி சுமார் 2,300 ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் பல துண்டுகள் எங்கே இருந்தன தெரியுமா? ரயில் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும். கல்லறைக்குள் யாரும் ஏர் ஓட்டுவதில்லை. உயிரோடிருந்தபோது புல்வெளியை உழுதவர்கள், செத்தபிறகு அதற்குக் காவல் இருந்தார்கள்.

மீட்ஸ் மில்க்வீட் இண்டியானாவிலும் விஸ்கான்ஸினிலும் காணாமலே போய்விட்டது. 1988-ல் அமெரிக்க அரசு அதை அபாயத்தில் இருக்கும் செடிகளின் பட்டியலில் சேர்த்தது.

“போனா போகட்டுமே சார், அதனால யாருக்கு என்ன நஷ்டம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழக்கமாக இதற்கு மூன்று பதில்கள் சொல்வார்கள். அந்தச் செடியில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கலாம், ஒரு கண்ணி அறுந்தால் இயற்கைச் சங்கிலியே அறுந்துவிடும், பூ அழகு. மூன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்து இருக்கலாம் என்பது லாட்டரிச் சீட்டு வாங்கச் சொல்வது மாதிரி. நாளைக்கே சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், பிடுங்கி எறிந்துவிடலாமா? சங்கிலியும் அப்படித்தான். மில்க்வீட் இலை தின்று வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு வேறு மில்க்வீட்கள் ஏராளம். இந்த ஒன்று போனதால் எதுவும் இடிந்து விழுந்துவிடாது. அழகைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஆகவே நேர்மையாக ஒப்புக்கொள்வோம். இந்தச் செடியால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ரிச்சர்ட் ரௌட்லி என்று ஒரு தத்துவப் பேராசிரியர். நியூஸிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர். 1973-ல் பல்கேரியாவில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில் ஒரு விபரீதமான கற்பனையை முன்வைத்தார். உலகமே அழிந்துவிட்டது, ஒரே ஒரு மனிதன் பாக்கி. அவனும் சாகப்போகிறான். போகிற போக்கில், கண்ணில் படும் செடி கொடி, மிருகம் எல்லாவற்றையும் தன்னால் முடிந்தவரை ஒழித்துக்கட்டுகிறான். அவன் செய்வது தப்பா?

யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டப்பட ஆளே இல்லை. நாம் வழக்கமாகப் பேசும் நியாயப்படி அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனாலும், படித்ததும் உங்களுக்குள் ஏதோ முரண்டு பிடிக்கிறது அல்லவா? எனக்குப் பிடித்தது. அவன் செய்வது தப்புதான் என்று நினைக்கிறேன். பூ நமக்காகப் பூக்கவில்லை, விதைக்காகப் பூக்கிறது. அதற்கென்று ஒரு காரியம் இருக்கிறது. நமக்கு அதில் பங்கில்லை என்பது அதைத் தடுக்கக் காரணமாகிவிடாது.

சரி, கற்பனை மனிதனைக் குற்றவாளியாக்குவது சுலபம். நிஜ மனிதன் ஒருவன் கான்ஸஸ் மாநிலத்தில் இருக்கிறான். அங்கேதான் சிக்கல்.

மிச்சமிருக்கும் மீட்ஸ் மில்க்வீட்டில் பெரும்பகுதி கிழக்கு கான்ஸஸிலும் மிஸௌரியிலும் இருக்கிறது. நிறைய செடிகள் தனியார் புல் நிலங்களில். பாட்டன் காலத்திலிருந்து அந்த நிலத்தை உழாமல் வைத்திருக்கிறார்கள். பூவுக்காக இல்லை, மாட்டுக்கு. வருஷா வருஷம் ஜூலை வாக்கில் புல்லை வெட்டி, காயவைத்துக் கட்டி வைப்பார்கள். உழாததால் செடி பிழைத்தது. ஆனால், இந்தச் செடியின் காய் முற்ற செப்டம்பர் வாக்கில் ஆகிவிடும். ஜூலையில் புல்லோடு சேர்ந்து பிஞ்சும் போகிறது. வேர் சாகாது, அடுத்த வருஷம் துளிர்த்துப் பூக்கும், மறுபடி வெட்டு. இப்படியே பல பத்து வருஷங்கள், விதையே இல்லாமல்.

அவர் நல்லவரா கெட்டவரா? அவர் குடும்பம் மாடு வளர்த்திராவிட்டால், அந்த நிலம் எப்போதோ மக்காச்சோளமாகியிருக்கும். “இரண்டு மாதம் கழித்து வெட்டுங்க” என்று சொல்லலாம். அதற்குள் புல் முற்றிச் சத்துப் போய்விடும். நஷ்டம் அவருக்கு, திருப்தி நமக்கு.

சட்டமும் அவர் பக்கம்தான். அருகிவரும் உயிரினங்களுக்கான அமெரிக்கச் சட்டம் வந்ததும் அதே 1973-ல். அதன்படி பட்டியலில் உள்ள ஒரு மிருகத்தைச் சொந்த நிலத்தில்கூடக் கொல்லக்கூடாது. செடியென்றால் வேறு கணக்கு. மாநிலச் சட்டம் குறுக்கே வராதவரை, தன் நிலத்துச் செடியை உரிமையாளர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மிருகம் யாருக்கும் சொந்தமில்லை, செடி நிலக்காரருக்குச் சொந்தம் என்பது இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன பழைய நியாயம். ஓட முடிந்தால் உரிமை உண்டு, வேர் இருந்தால் இல்லை!

அவர் மீது வழக்குப் போட எனக்கு மனசில்லை. கடமை என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும்தான். ஒருவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை தள்ளி வெட்டச் சொல்லி, அந்தப் புல்லுக்கான பணத்தை ஊர் கொடுத்தால் என்ன? வெட்டு இல்லாமல் எப்போதாவது நெருப்பு வைத்துப் பராமரிக்கும் நிலங்களில், இந்தச் செடி காய்த்து விதை விடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

தாமதிக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது; வேறொரு செடியிலிருந்து வரவேண்டும். விதை விழாத இடத்தில் ஒரே செடி மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, பல செடி மாதிரி மேலே வரும். பார்த்தால் கூட்டம், உண்மையில் தனிக்கட்டை. இல்லினாயில் அப்படிச் சில இடங்கள் இருந்தன. சிகாகோ பக்கத்து மார்ட்டன் தாவரப் பூங்காவைச் சேர்ந்தவர்கள் வெளியிலிருந்து விதை கொண்டுவந்து, நாற்று வளர்த்து நட்டார்கள். விதையிலிருந்து முதல் பூ வர பதினைந்து வருஷம்கூட ஆகலாம்.

துணை சேராத இடங்களில் ஜூன் வந்தால் இப்படித்தான் நடக்கும். பூக்கும். தேனீ வரும். மகரந்தப் பையைக் காலில் மாட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி இருக்கும் இன்னொரு பூவுக்குப் போகும். அதுவும் அதே செடிதான்.