பலிபீடம் கேட்காத மண்வாகு

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கியாந்தி வட்டாரத்துக் காயோலே ஊருக்கு மேலே காட்டுக்குள் நிற்கிறது பதியா அ கொல்திபுவோனோ. 1051-இல் வல்லொம்ப்ரோசா சபைத் துறவிகள் நிறுவிய மடம்; இன்று பேர்பெற்ற வைன் பண்ணை. கொல்திபுவோனோ என்பதை 'நல்ல விளைச்சல்' என்றும் சொல்லலாம், 'நல்ல வழிபாடு' என்றும் சொல்லலாம். மூலமான லத்தீன் சொல் உழவுக்கும் பூசைக்கும் பொது.

ஆனால் பூசைக்கு அந்த உழவு தேவைதானா?

திருப்பலி இரசத்துக்குத் திருச்சபைச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: திராட்சையிலிருந்து இயற்கையாக வந்திருக்க வேண்டும், கெட்டிருக்கக் கூடாது. எந்த ஊர், எந்தச் சரிவு என்ற விசாரணையே இல்லை. இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். அர்ச்சிப்புக்குப் பின் இரசத்தின் சாரம் கிறிஸ்துவின் இரத்தமாகிவிடுகிறது. நிறம், மணம், சுவை மட்டும் பழையபடி நிற்கின்றன என்றார். வைன் ரசிகர் உயிரை விடும் அத்தனையும் அவருடைய இறையியலில் சாரத்தோடு சேராத வெளிக்குணங்கள்!

அளவும் சொற்பம். பொதுமக்களுக்கு இரசக் கிண்ணம் கிடையாது என்று 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் உறுதிசெய்தது. பிறகு எதற்கு மடங்களுக்கு இத்தனை கொடி? சாப்பாட்டு மேசைக்கும் விருந்தினருக்கும்தான். வல்லொம்ப்ரோசாவினர் பின்பற்றிய பெனடிக்டின் விதிநூல், நாளுக்கு இவ்வளவு என அனுமதித்துவிட்டு, துறவிக்கு மது ஆகாதுதான், சொன்னால் இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறது. அது ஆறாம் நூற்றாண்டு நூல் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆக, மண்ணைப் பார்த்துக் கொடி வளர்க்கும் கவனம் பலிபீடத்திலிருந்து வந்ததல்ல. மண்வெட்டி பிடிப்பதும் துறவின் பங்கு என்ற எண்ணத்திலிருந்து வந்தது.

1810-இல் நெப்போலியன் ஆட்சி துறவிகளை வெளியேற்றியது. 1846-இல் ஃபுளோரன்ஸ் வங்கியர் குயிதோ ஜுன்தீனி மடத்தை வாங்கினார். அவர் வழிவந்த ஸ்துக்கி பிரினெத்தி குடும்பமே இன்றும் நடத்துகிறது. தோட்டங்கள் கீழே மோன்தி பகுதியில், சுண்ணாம்பு கலந்த களிமண்ணில். தாமதமாகப் பழுக்கும் சாஞ்சோவேசே திராட்சைக்கு மடத்து உயரத்தின் குளிர் ஒத்துவராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபில்லாக்சரா பூச்சி ஐரோப்பியக் கொடிகளை அழித்தபின், அந்தக் கண்டத்தின் பெரும்பாலான தோட்டங்களில் வேர் அமெரிக்க இனத்துடையது. மேலே ஒட்டுக்கட்டியதுதான் உள்ளூர்க் கொடி. துறவிகளின் புண்ணியம் வேரில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், எந்த வேரில் என்று கேட்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பும் சரிவும் வெயிலும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கியாந்தியின் பெருமை சிவப்பு வைன். பலிபீடத்திலோ இன்று பல குருக்கள் வெள்ளை வைனைத்தான் ஊற்றுகிறார்கள். சிவப்பு சிந்தினால் வெள்ளைத் துணியில் கறை போகாது.