பாதித் தண்ணீர்

மகளுடைய பள்ளிப் பையை நான் தூக்கிப் பார்த்ததே இல்லை. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அதுவாக ஏறி உட்காரும், பள்ளி வாசலில் அதுவாக இறங்கிப் போகும் என்கிற மாதிரிதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன். போன ஜூலையில் அவளுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. மூன்றாவது மாடி வகுப்புவரை பையை நான் சுமந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அதே அளவுப் பைகளோடு மூன்று பொடிசுகள் என்னைத் தாண்டி ஏறிப் போயின.

சாயங்காலம் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 6.7 கிலோ. "கால் மூட்டை அரிசிக்கு மேல வருதே சார்" என்றார் கடைக்காரர். ஆறாம் வகுப்புப் பிள்ளை. அவளே 34 கிலோதான். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பை தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை. தமிழ்நாட்டில் 2012-ல் முப்பருவ முறை வந்தபோதும் இந்தச் சுமையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். புத்தகம் மூன்றாகப் பிரிந்தது உண்மைதான். காலியான இடத்தில் பாடத்துக்கு இரண்டு நோட்டும் ஒரு வொர்க்புக்கும் குடியேறிவிட்டன.

இதெல்லாம் புதிய புலம்பலும் இல்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் பேச எழுந்தபோது எடுத்துக்கொண்டது பள்ளிப் பிள்ளைகளின் பைச்சுமையைத்தான். இதை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993-ல் அறிக்கை தந்தது. முதுகில் இருக்கும் சுமையைவிடப் புரியாமல் படிக்கிற சுமை கொடியது என்றது அது. சரியான பேச்சு. ஆனால் அன்று ராத்திரி நான் பார்த்தது இரண்டிலும் சேராத ஒன்று.

பையைக் கொட்டி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தது தண்ணீர் பாட்டில். காலையில் நான் பிடித்து வைத்த ஒரு லிட்டர், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. ஆக, 6.7 கிலோவில் ஒரு கிலோ சும்மா மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறது.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா ரெஸ்ட்ரூம் போகணும்ப்பா."

"போக வேண்டியதுதானே?"

"பீரியட் நடுவுல கேட்டா மிஸ் திட்டுவாங்க. இன்டர்வெல்ல ஒரே கூட்டம். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல."

இதற்கெல்லாமா என்று வாயெடுத்தேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "நான் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன்." கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். இது எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளியில் பையன்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அப்போதும் யோசித்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மகளுடைய பெஞ்சிலேயே, சுவரோரமாக இடம் கிடைத்தது. முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. வருகிற வழியில் இரண்டு டீ குடித்திருந்தேன். கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அது தன் வேலையைக் காட்டியது. வெளியே போக வேண்டுமானால் பெஞ்சில் இன்னும் மூன்று பேர் எழுந்து வழிவிட வேண்டும், மிஸ் பேச்சை நிறுத்துவார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அலுவலகத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் வருகிறவன் நான். இங்கே நாற்பத்திநாலு வயதில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் அசைந்தபாடில்லை. மிஸ் பாதி நேரம் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: "உங்க பொண்ணுக்கு மத்தியானப் பீரியட்ல கவனமே இருக்கறதில்ல சார்."

கூட்டம் முடிந்ததும், ஓடிப் போய்த் திரும்பி வந்த பிறகு, அவரிடம் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கும் தொடர்ந்து நாலு பீரியட் சார், நானும் தண்ணி குடிக்கறதில்ல" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டை போடும் முகத்தோடு போனவன் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

கேரளப் பள்ளிகளில் 2019-லேயே தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு இங்கேயும் அந்தப் பேச்சு வந்தது. நல்ல ஏற்பாடு. குடித்த பிறகு அடிக்க வேண்டிய மணியை மட்டும் யாரும் சொல்லக் காணோம்.

இப்போது கணுக்கால் சரியாகிவிட்டது. பையை அவளே தூக்குகிறாள். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் பாட்டிலை நிரப்பி வைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் அதைத் திறந்து துளசிச் செடிக்குப் பாதியை ஊற்றிவிட்டாள்.

"பாதி போதும்ப்பா. எப்படியும் குடிக்கப் போறதில்ல. சும்மா கனக்குது."