நோய்முதல் அறியா நோய்

மனிதனுக்கு வாய்த்த உறுப்புகளுள் பிறருக்கு முழுதும் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாதது முகமேயாம். கையைக் காண்கிறோம், காலைக் காண்கிறோம், முகத்தைக் காணக் கண்ணாடியை நாட வேண்டியுள்ளது. அக்கண்ணாடியை நான் ஈராண்டுகளாக வெறுத்து வருகிறேன். என் கன்னங்களிலும் மூக்கின் மீதும் ஒரு கருஞ்செம்மை படர்ந்தது. அதன்மேல் பருக்கள் எழுந்தன. ஐம்பதைக் கடந்த தலைமையாசிரியருக்குப் பருவா என்று வீட்டில் நகைத்தனர். நானும் நகைத்தேன். ஆறு திங்கள் கழிந்தும் அது போகவில்லை; நகைப்புத்தான் போயிற்று.

ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலைக்குச் செல்வது என் வழக்கம். தேக்காச் சந்தையில் காய்கறியும் பஃபலோ சாலையில் பூவும் வாங்கித் திரும்புவதற்குள் என் நோய்க்கு நாலைந்து காரணங்களைக் கேட்டறிந்துவிடுவேன். 'உடம்புச் சூடு ஐயா, எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்' என்றார் பூக்கட்டும் அம்மையார். பித்தம் என்றார் காய்கறிக்காரர். சொன்ன கையோடு பாகற்காயையும் நிறுத்துக் கொடுத்தார். கண்ணேறு என்றார் ஒரு மூதாட்டி. பழைய நண்பர் ஒருவர் மட்டும் என் மூக்கைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, 'மாலையில் ஏதேனும் பழக்கம் உண்டோ?' என்று மெல்ல வினவினார். மதுவை ஒருநாளும் தீண்டாதவன் நான். அவ்வினாவுக்குப் பின் இரண்டு ஞாயிறுகள் நான் தேக்காப் பக்கமே போகவில்லை.

மருத்துவர் இதனை 'ரொசேசியா' என்றார். முகத்தின் நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிவதும், உடலின் எதிர்ப்பாற்றல் அளவுமீறிக் கிளர்வதும் இந்நோயின் இயல்பாம். நம்மில் பெரும்பாலோர் தோலில் குடியிருக்கும் 'டெமோடெக்ஸ்' என்னும் கண்ணுக்குத் தெரியாச் சிற்றுண்ணி இந்நோயாளர் முகத்தில் மிகுந்திருக்கக் காண்கின்றனர். வெயில், சூடான பானம், காரம், மது, மனக்கலக்கம் ஆகியவை இதனைக் கிளறிவிடும். எனினும் கிளறுவது வேறு, காரணம் வேறு. மூலகாரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்னும் அறுதியிடவில்லை. கருநிறத்தாரிடம் செம்மை எளிதில் புலப்படாமையால் நோயைக் கண்டறிவதே காலந்தாழ்கிறது என்றும் அவர் கூறினார். வெயிலை விலக்குங்கள் என்றார். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே கிடக்கும் இத்தீவில் வெயிலை விலக்கென்பது மீனுக்கு நீரை விலக்கென்பது போலாம்!

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் ஒரு வரிசை வகுத்தார். நோய் இன்னதெனத் தெளிவது முதற்படி. அதன் மூலத்தைத் தேடுவது அடுத்தது. தணிக்கும் வழியைக் காண்பது அதன் பின்னது. இரண்டாம் படி இருண்டு கிடக்கையில் மூன்றாம் படியில் கால் வைக்கலாமா? மருத்துவர் தயங்காமல் வைக்கிறார். களிம்பும் வெயில் தடுப்புப் பூச்சும் தருகிறார். நமக்கோ அஃது எளிதன்று. மருத்துவரிடம் செல்லுமுன் நான் ஒரு கடையில் பெயரறியாக் களிம்பொன்றை வாங்கித் தடவினேன். சில நாளில் முகம் தெளிந்தது. நிறுத்தியதும் முன்னிலும் மோசமாயிற்று. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். மறைவாக ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் குறித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் பன்முறை எச்சரித்துள்ளதைப் பின்னரே படித்தேன். ஊருக்கெல்லாம் அறிவுரை கூறும் ஆசிரியரின் நிலை இது.

காரணமற்ற துன்பத்தை மனம் ஏன் ஏற்க மறுக்கிறது? காரணம் தெரிந்தால் அதனை நீக்கலாம் என்னும் நம்பிக்கை ஒருபுறம். மற்றொன்றும் உண்டு. 'அவன் இன்னது செய்தான், அவனுக்கு வந்தது. நான் செய்யவில்லை, எனக்கு வாராது' என்று பார்ப்பவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். முன்வினை என்பாரும் பலவேளை இக்கணக்கையே போடுகின்றனர். காரணத்தைத் தேடப் புறப்பட்டவன் தன்னையறியாமலே குற்றவாளியைத் தேடலாகிறான். என் நண்பர் கொடியவர் அல்லர், அவருக்கு அச்சம்.

இதை நான் எளிதாக எழுதுகிறேன். ஆயின் நானே இப்பிழையைச் செய்தவன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பேச்சுப்போட்டிக்குத் தேர்ந்திருந்தேன். நல்ல குரல், முகமெல்லாம் பரு. 'முகத்தை நன்றாகக் கழுவம்மா, மேடையில் நிற்க வேண்டுமே' என்று வகுப்பார் கேட்கக் கூறினேன். பரு அழுக்கினால் வருவதன்று. எண்ணெய்ச் சுரப்பிகளும் இயக்குநீர்களும் அதில் பங்கு கொள்கின்றன. மிகையாகத் தேய்த்துக் கழுவினால் தோல் மேலும் புண்படும். இவை எனக்கு அன்று தெரியா. மறுநாள் தொண்டை கட்டிவிட்டதென்று கூறி அவள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மாணவர் முகத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். நெஞ்சிலுள்ளதை முகம் பளிங்குபோல் காட்டும் என்று குறிப்பறிதலில் பாடமும் நடத்துகிறோம். வள்ளுவர் சொன்னது முகக்குறிப்பை. நான் படித்தது முகத்தோலை. தோலைப் படித்து, ஒழுக்கத்துக்கு மதிப்பெண் இட்டேன்.

இப்பொழுது மருந்தால் பாதி தணிந்திருக்கிறது. சென்ற வாரம் பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுத்த இளைஞர், 'கன்னத்தைக் கணினியில் சரிசெய்துவிடட்டுமா, சார்?' என்று கேட்டு எழுதியிருந்தார். வேண்டாம் என்று மறுமொழி அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு மூன்று நாள் பிடித்தது.