உண்டபின் ஒரு மிடறு தண்ணீர்

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு. கைபரை நோக்கிச் செல்லும் வழியில் ‘ஸஹ்பா’ என்னுமிடத்தில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அஸர் தொழுகையை முடித்துவிட்டு உணவு கொண்டு வரச் சொன்னார்கள். ‘ஸவீக்’ என்னும் வறுத்த தானிய மாவைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அதையே நனைத்து நாயகம் அவர்களும் உண்டார்கள், தோழர்களும் உண்டார்கள். பின்னர் மஃரிபுக்கு எழுந்தபோது வாய் கொப்பளித்தார்கள், தோழர்களும் கொப்பளித்தார்கள். புதிதாக உளூச் செய்யாமலே தொழுதார்கள். ஸுவைத் இப்னு நுஃமான் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பால் அருந்திய பிறகும் நாயகம் அவர்கள் கொப்பளித்து, அதில் கொழுப்பு உண்டெனக் காரணமும் சொன்னதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

உளூ முறியவில்லை; ஆனாலும் கொப்பளித்தார்கள். மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி நம் மிம்பர்களில் எவ்வளவோ பேசுகிறோம். இந்தக் கொப்பளிப்பைப் பற்றி யார் பேசுகிறோம்?

இலத்தூர்ப் பக்கத்திலிருந்து மக்தபுக்கு வரும் சிறுவன் ஒருவன். வயது எட்டு. நல்ல ஞாபகசக்தி, குரலும் இனிமை. ஆனால் ‘ஸே’ என்ற எழுத்தும், புள்ளியுள்ள ‘தால்’, புள்ளியுள்ள ‘ளோ’ ஆகியவையும் அவன் வாயில் சரியாக வரவில்லை. நாவின் நுனி மேல் முன்பற்களின் நுனியைத் தொட்டால்தானே அவை மூன்றும் பிறக்கும்? ‘ஃபே’ என்பதற்கும் மேற்பல் கீழுதட்டின் உட்புறத்தில் பட வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், முளைத்துச் சிறிது காலமே ஆன முன்பல் இரண்டும் ஓரம் கரைந்து, கறுத்து நிற்கின்றன. வீட்டில் விசாரித்தால், பாட்டனார் பாசத்தோடு நாள்தோறும் கமர்கட்டும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கிக் கொடுக்கிறார். இரவில் சீனி போட்ட பால், அப்படியே உறக்கம். ‘சின்னப் பிள்ளைதானே, விழுந்து முளைக்கும்’ என்றார் பெரியவர். விழுந்து முளைத்ததுதான் இது! முன்பல் மட்டுமல்ல, ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல்லும் நிரந்தரப் பல்தான். அதையும் பால்பல் என்று எண்ணி இழப்போர் நம்மில் ஏராளம்.

இனிப்பு ஹலால்தான். நாயகம் அவர்களுக்கு இனிப்பும் தேனும் விருப்பமானவை என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். ஆகவே இனிப்பின் மேல் பழி போட வேண்டாம். அது வாயில் தங்கியிருப்பதுதான் தீங்கு. பல்லின் மேல் படிந்துள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பல்லைச் சரிசெய்ய அரைமணி நேரத்திற்கு மேலாகிறது. அதற்குள் இன்னொரு மிட்டாய் என்றால் பல் எப்போது தேறும்? ஒரே வேளையில் நாலு மிட்டாய் தின்பவனைவிட, ஒன்றையே நாலு வேளையாகச் சப்புபவனுக்குத்தான் கேடு அதிகம். உறக்கத்திலோ உமிழ்நீர் சுரப்பதே குறைந்து விடுகிறது.

இனி நம் ரமளானைப் பாருங்கள். பகலெல்லாம் வாய் வறண்டிருக்கிறது. மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், அது சுன்னத். அதைத் தொடர்ந்து புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து, சீனியை அள்ளிப் போட்ட சர்பத். கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர், தராவீஹ் முடிந்ததும் புட்டிப் பானம். எலுமிச்சைக்குச் சொந்தமாகவே அமிலம் இருப்பதால் கிருமியின் உதவிகூட அதற்குத் தேவையில்லை. அந்தப் பானங்களும் அப்படியே. புளிப்பு பட்டவுடன் பல்லின் மேலுறை இளகியிருக்கும். அந்நேரம் பிரஷ்ஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் தேய்மானம்தான் மிச்சம். உடனே கொப்பளிக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்தே தேய்க்க வேண்டும். ஸஹ்பாவில் நம் நாயகம் காட்டிய வழி எவ்வளவு எளிது! ஒரு மிடறு தண்ணீர் போதும்.

ஸஹர் நேரம் இன்னும் மோசம். கடைசி நிமிடம் வரை வாழைப்பழமும் பாலுஞ்சோறும் உண்டு, பஜ்ரு தொழுததும் படுக்கை. பல்லிடுக்கில் தங்கிய உணவை நோன்பு நேரத்தில் விழுங்கினால், அது கொண்டைக்கடலை அளவு இருந்தால் நோன்பு முறியும், அதற்குக் குறைந்தால் முறியாது என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். இந்தச் சங்கடம் எதற்கு? பத்து நிமிடம் முந்தி உண்டு முடித்துப் பல் துலக்கிவிடலாமே. பற்பசை தொண்டைக்குள் இறங்கும் அச்சம் இருப்பதால் அதை ஸஹருக்குள் முடிப்பதே பேணுதல். மிஸ்வாக் குச்சியோ ஹனபி மத்ஹபில் நோன்பாளிக்கு நாள் முழுவதும் ஆகும். ஷாபிஈ மத்ஹபில் சூரியன் உச்சி சாய்ந்த பிறகு மக்ரூஹ். எனினும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ‘மஜ்மூஉ’ நூலில் மக்ரூஹ் இல்லை என்ற கூற்றையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

புகையிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெரு ஏது? தூளைப் பல்லிலே தேய்க்கும் மூதாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்; வலி மரத்துப் போவதைச் சுகமென்று நினைக்கிறார்கள். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை அரசாங்கம் 1992-லேயே தடை செய்துவிட்டது. பச்சைப் பூண்டு தின்றவரையே பள்ளிக்கு வர வேண்டாமென்றார்கள் நாயகம் அவர்கள். வாயில் புகையிலையை அடக்கியபடி முன் ஸஃப்பில் நிற்பவர் சற்றே யோசிக்கட்டும்.

அந்தச் சிறுவனைத் தென்காசியில் பல் வைத்தியரிடம் காட்டினார்கள். கரைந்த இடத்தை அடைத்திருக்கிறார். கமர்கட் இன்னும் நின்றபாடில்லை; பாட்டனாரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? ஆனால் மக்தப் வாசலில் ஹவ்ளுக்குப் போய்க் கொப்பளித்துவிட்டுத்தான் இப்போது அவன் குர்ஆனைத் தொடுகிறான். சென்ற வாரம் ‘ஸே’ வந்துவிட்டது. ‘ளோ’தான் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது.